ஹவாசு அருவிக்கு மே மாதம் நடைப்பயணம்: அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் இருக்கிற ஹவாசு அருவிக்குப் போக எங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தம்பி பீனிக்ஸில் இருக்கிறான், அவன் பெயரில்தான் முன்பதிவு. நான்கு பேர், மே முதல் வாரம், மூன்று இரவு நான்கு நாள். மூன்று இரவு என்பது அங்கே வைத்திருக்கிற கணக்கு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. போய்விட்டு அன்றைக்கே திரும்புவதற்கு அனுமதியே இல்லை. ஆளுக்கு 400 டாலருக்கு மேல் கட்டியாகிவிட்டது, விசாவும் கையில் இருக்கிறது. போவதா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. எப்படிப் போவது என்பதற்குத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நான், வீட்டுக்காரர், தம்பி, அப்பா. அப்பாவுக்கு 64 வயது. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் தோட்டத்துப் படியில் இறங்கி, பால் வாங்கிக்கொண்டு, நடுவில் நிற்காமல் ஏறி வருகிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். தம்பி, "அப்பாவை ஹெலிகாப்டரில் ஏற்றிவிடலாம்" என்கிறான். அப்பா, "நடக்கத்தானே போகிறோம், அப்புறம் எதுக்கு ஹெலிகாப்டர்" என்கிறார்.

வண்டி நிற்கிற இடத்திலிருந்து முகாம் வரைக்கும் 16 கி.மீ. அதுவும் பாலைவனத்தில். நாங்கள் பனிக்கும் மழைக்கும் பழகினவர்கள். அங்கே போனவர்கள், போகாவிட்டாலும் அந்த மாதிரி வெயிலில் நடந்தவர்கள், அப்பா விஷயத்தில் தோன்றுவதை மறைக்காமல் சொல்லுங்கள்.


பீனிக்ஸ்_குன்னூரான் எழுதியது:

டீச்சர், வாழ்த்துகள். அந்த அனுமதி லேசில் கிடைக்காது. எனக்குச் சொந்த ஊர் குன்னூர், இப்போது குடும்பத்தோடு பீனிக்ஸில். அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். வரிசை பார்க்காமல் தெரிந்ததை எழுதுகிறேன்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஹுவாலபாய் ஹில்டாப் என்று பெயர். உயரம் சுமார் 1,580 மீட்டர். நீங்கள் குடியிருக்கிற கோத்தகிரியே அதைவிட உயரம், அதனால் உயரத்தால் மூச்சு முட்டுமோ என்ற கவலை வேண்டாம். அங்கிருந்து சுப்பாய் என்ற ஊருக்கு 13 கி.மீ., ஊரிலிருந்து முகாமுக்கு இன்னொரு 3 கி.மீ. ஆரம்பத்தில் இரண்டு, இரண்டரை கி.மீ. மட்டும் நல்ல செங்குத்து; பாறைச் சுவரில் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும். அப்புறம் காய்ந்த ஓடைப் படுகை. சரளையும் மணலும், இரண்டு பக்கமும் செம்பாறை. மணலில் கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டியிருக்கும், அது கெண்டைக்காலைத் தின்றுவிடும்.

ஹில்டாப்பில் தண்ணீர் கிடையாது. வழியிலும் கிடையாது. ஊரை நெருங்கினால்தான் ஓடை. ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் வண்டியிலேயே கொண்டு வர வேண்டும். திரும்பி வரும்போது குடிக்க இன்னும் கொஞ்சம் தண்ணீரை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். பெட்ரோலும் அதே கதைதான். ரூட் 66 சாலையை விட்டு 18-ம் எண் பழங்குடிச் சாலையில் திரும்பினால் ஹில்டாப் வரை சுமார் 100 கி.மீ.க்கு பங்க் இல்லை. கிங்மனிலோ செலிக்மனிலோ டேங்கை நிரப்பிவிடச் சொல்லுங்கள். இருட்டில் மாடுகளும் மான்களும் நடுரோட்டில் நிற்கும், தம்பியை நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். பீனிக்ஸிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும்.

முகாமில் எண் போட்ட இடமெல்லாம் இல்லை. ஹவாசு அருவிக்கும் மூனி அருவிக்கும் நடுவே ஓடையோரமாக ஒன்றரை கி.மீ. நீளத்துக்கு மரநிழல். காலியாக இருக்கிற இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். நடுவில் ஃபெர்ன் ஸ்பிரிங் என்று ஒரு ஊற்று, குடிதண்ணீர் அதுதான். வடிகட்டிக் குடிப்பது நல்லது. விறகு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும். கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள், தம்பி இங்கேயே வாங்கட்டும். மது, டிரோன், பாறை மேலிருந்து தண்ணீரில் குதிப்பது, மூன்றுக்கும் தடை. மதுவுக்கு அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஹவாசுபாய் பழங்குடியின் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

இப்போது அப்பா விஷயம். ஹவாசு அருவி சுமார் 30 மீட்டர், முகாமுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, அதன் குளத்துக்கு இறங்குவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மூனி அருவி அப்படி அல்ல. கிட்டத்தட்ட 60 மீட்டர். அடிக்குப் போக முதலில் பாறையில் குடைந்த இரண்டு சுரங்க வழியில் குனிந்து இறங்க வேண்டும். அதைத் தாண்டினால் பாறையில் அடித்த இரும்பு முளைகளும் சங்கிலியும். அதற்கும் கீழே மர ஏணிகள். அருவிச் சாரல் ராத்திரி பகல் இல்லாமல் அடிப்பதால் எல்லாமே ஈரம். ஏணிக் கட்டையில் சேறு அப்பியிருக்கும், சங்கிலி கையை விட்டு வழுக்கும். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலால் தடவித் தடவி அடுத்த கட்டையைத் தேட வேண்டும். ரப்பர் பிடி வைத்த கையுறை நாலு பேருக்கும் எடுத்து வையுங்கள். தங்கம் தேடி வந்த மூனி என்பவர் அந்தப் பாறையில் கயிற்றில் இறங்கும்போது விழுந்து செத்துப்போனார், அருவிக்கு அவர் பெயர்தான். அப்பா அங்கே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்றபடி 16 கி.மீ. நடை அவரால் முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் திரும்பி ஏறுகிற நாளைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.


வட்டக்கானல்_நடையன் எழுதியது:

குன்னூரான் அண்ணன் கடைசியில் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

தொட்டபெட்டா, ரங்கசாமி மலை என்று மலை ஏறிப் பழகினவர்களுக்கு ஒரு கணக்கு உடம்பில் ஊறியிருக்கும். பலம் இருக்கும்போது ஏற்றம், களைத்தபிறகு இறக்கம். பாதி ஏறும்போதே முடியவில்லை என்று தோன்றினால் அங்கேயே திரும்பிவிடலாம், வீடு கீழேதான் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அது அப்படியே தலைகீழ். முதல் நாள் உற்சாகமாக இறங்கிவிடுவோம். கால் நன்றாக இருக்கிறது, அப்பாவும் சிரித்துக்கொண்டு வருகிறார், ஒன்றும் தெரியாது. நான்காம் நாள், தூக்கம் குறைந்து, தொடை வலித்து, பாதம் கொப்பளித்திருக்கும்போது 16 கி.மீ. நடந்து, அதன் கடைசியில் அந்தச் செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள் வரும். சிரமமான பகுதி முழுக்க வழியின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

எங்கள் கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக் கிராமத்துக்கு இறங்குகிற பாதையும் இதே மாதிரிதான். வழியில் இருக்கிற டால்பின் நோஸ் பாறை வரை ஓடி இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் திரும்பும்போது வேர்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் பார்க்கலாம். இத்தனைக்கும் அது நிழல் வழி, குளிர்ந்த காற்று.

அதனால் டீச்சர், திரும்புகிற நாளில் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு முகாமை விட்டுக் கிளம்புங்கள். தலைவிளக்கு போட்டுக்கொண்டு நடந்தால் வெயில் ஏறுவதற்குள் படுகையைத் தாண்டிவிடலாம். அந்தக் கடைசி ஏற்றத்தை மத்தியானத்தில் ஏறுவது அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆகாது.


நிலக்கோட்டை_பையன் எழுதியது:

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 மீட்டர் அருவிக்கு இவ்வளவு தூரம், இவ்வளவு பணமா? பழனி மலையில் தலையாறு அருவி 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது அதுதான். டம்டம் பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே தெரியும்.


கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. தலையாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உயரம் பெரிதாகத் தெரியாதுதான். எங்களுக்கும் கேத்தரின் அருவி பக்கத்திலேயே இருக்கிறது. அப்பாவை இழுப்பது உயரம் அல்ல, அந்தத் தண்ணீரின் நிறம். அத்தனை வறண்ட பாறைக்கு நடுவே அப்படி ஒரு பச்சை கலந்த நீலம் எப்படி வந்தது என்று தம்பி அனுப்பின படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலையில் இருந்தவரைக்கும் எங்கேயும் போகாதவர். அதனால்தான் கூட்டிப் போக வேண்டும் என்று நானும் பிடிவாதமாக இருக்கிறேன்.


பீனிக்ஸ்_குன்னூரான் எழுதியது:

அப்பாவிடம் சொல்லுங்கள், அது சுண்ணாம்பு செய்கிற வேலை. நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் வெகுகாலம் ஊறி வருகிற ஊற்றுத் தண்ணீர் அது. வெளியே வந்ததும் கரைந்திருக்கிற சுண்ணாம்பு பிரிந்து படிய ஆரம்பிக்கும். ஒரு கிளை ஒடிந்து ஓடைக்குள் விழுந்தால் போதும், அதன்மேல் படிந்து படிந்து கல்லாகி, குட்டி அணை மாதிரி தண்ணீரைத் தேக்கிவிடும். படிப்படியாகத் தெரிகிற குளங்கள் எல்லாம் அப்படி உண்டானவை. ஊற்றுத் தண்ணீர் என்பதால் வருஷம் முழுக்க 21 டிகிரி ஒட்டியே இருக்கும். மே மாத வெயிலில் இறங்கினால் வெளியே வர மனசு வராது. மூனிக்கும் கீழே பீவர் அருவி இருக்கிறது, முகாமிலிருந்து 5 கி.மீ. போல. ஓடையைப் பல இடத்தில் தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும், அதற்குத் தனியாக நனைகிற செருப்பு வேண்டும். பட்டை வைத்தது, காலை விட்டுக் கழன்று போகாதது.


பெரியகுளம்_பாதை எழுதியது:

வெள்ளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை என்று எங்கள் ஊரில் அடிக்கடி அறிவிப்பார்கள். பெரியகுளத்தில் பார்த்தால் வானம் வெளுத்துக் கிடக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வனத்துறைக்காரர்களோடு சண்டை போடுவார்கள், மழையே இல்லையே என்று. மழை மேலே கொடைக்கானல் சரிவில் பெய்திருக்கும். தண்ணீர் கீழே வந்து சேர நேரம் எடுக்கும், வரும்போது மரத்தையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு வரும். நம் தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்த்து ஆற்றில் இறங்கக் கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

அந்தப் பள்ளத்தாக்கும் அதே குணம்தான், ஆனால் இன்னும் மோசம், ஏனென்றால் பாறை தண்ணீரை உறிஞ்சாது. எங்கோ மேட்டில் பெய்த மழை முழுக்க அந்த இடுக்குக்குள் வந்து விழும். 2008 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் ஓடையே திசை மாறி, நவாஹோ அருவி என்று இருந்த ஓர் அருவி இல்லாமலே போய்விட்டது. அதே வெள்ளம் புதிதாக வேறு அருவிகளை உண்டாக்கிவிட்டது. 2018 ஜூலையில் முகாமில் இருந்த சுமார் 200 பேரை அப்புறப்படுத்தினார்கள். 2024 ஆகஸ்டிலும் வெள்ளம், ஆட்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள், ஒரு பெண் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். எல்லாமே அங்கே மழைக்காலமான ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்குள். மே மாதம் பொதுவாகக் காய்ந்த மாதம், நல்ல நேரத்தைத்தான் தம்பி பிடித்திருக்கிறார். ஆனாலும் கூடாரத்தை ஓடை மட்டத்தில் போடாதீர்கள். போட்டவுடனே எந்த வழியாக மேடேறுவது என்று நாலு பேரும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இரைச்சல் மாறினால், பையை எடுக்கக் கூட நிற்காதீர்கள்.


ஊட்டி_செவிலி எழுதியது:

டீச்சர், முதலில் அப்பா எடுக்கிற மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரியவைத்து அழுத்தத்தைக் குறைக்கிற வகை. நம் ஊர்க் குளிரில் அது ஒரு தொந்தரவும் தராது. காய்ந்த வெயிலில் நாள் முழுக்க நடக்கும்போது உடம்புத் தண்ணீரையும் உப்பையும் இழக்கவைத்துவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், இந்த மாதிரி இடம், இத்தனை மணி நேர நடை, முதுகில் இவ்வளவு சுமை என்று சொல்லிக் கேளுங்கள். டிரெட்மில் பரிசோதனையும் அவர் சொன்னால் செய்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் நமக்கு வியர்த்து ஊற்றும், சட்டை ஒட்டும், உடனே தண்ணீர் கேட்போம். பாலைவனக் காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது, நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். தோலிலும் சட்டைக் காலரிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வரும். அதனால் தாகம் எடுக்கட்டும் என்று இருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அதே சமயம் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனாலும் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நம் மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு லிட்டருக்கு ஒன்று. வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், உப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிக்கட்டும். கூடவே வாயில் போட ஏதாவது உப்பாக.

பல மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றாலோ, அப்பா வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தாலோ, பதில் தடுமாறினாலோ, நடையை நிறுத்தி நிழலில் உட்காரவைத்துச் சட்டையைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை, நட" என்றுதான் சொல்வார். அந்த வயதில் எல்லா அப்பாவும் அப்படித்தான்.

இன்னொன்று. 2024 ஜூனில் அங்கே போய் வந்த பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. அந்த மாதிரி வேகமாகப் பரவும் வயிற்று நோய்க் கிருமிகள் சிலவற்றைக் கையில் தடவும் சானிடைசர் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். கழிப்பறை போய் வந்தாலும், சாப்பிடும் முன்னும் சோப்பு போட்டே கை கழுவுங்கள். ஓடையிலே சோப்பு போட வேண்டாம், பாட்டிலில் மொண்டு தள்ளி வந்து கழுவ வேண்டும். சுப்பாயில் சின்ன மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிதாக ஏதாவது என்றால் ஹெலிகாப்டர்தான் வழி. பயணக் காப்பீடு எடுக்கும்போது அவசர மீட்புச் செலவும் அதில் அடங்குமா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.


ஹட்டி_மகன் எழுதியது:

எல்லோரும் பாதையையும் உடம்பையும் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

அங்கே சுப்பாய் என்பது அருவிக்குப் போகிற வழியில் வரும் ஒரு நிறுத்தம் அல்ல, ஹவாசுபாய் மக்களின் வீடு. சாலை இல்லாத ஊர். அமெரிக்காவில் இன்னும் கோவேறு கழுதை மேல் தபால் போகிற ஒரே ஊர் அதுதான். அந்த மக்கள் பனிக்காலத்தில் மேட்டுச் சமவெளியில் வேட்டையாடி, கோடையில் பள்ளத்தாக்கில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். 1882-ல் அரசாங்கம் அவர்களுக்கு 518 ஏக்கர் மட்டும் என்று கோடு கிழித்து, மேட்டு நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. விடாமல் கேட்டுக் கேட்டு 1975-ல்தான் சுமார் 1,85,000 ஏக்கரைத் திரும்ப வாங்கினார்கள். 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் நம் மலையில் இருளர், குறும்பர் ஊர்களில் பட்டாவுக்கு எத்தனை முறை நடக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 93 வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று புரியும்.

கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் ஊரை மூடினார்கள், 2023 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். வருமானத்துக்கு வேறு பெரிய வழி இல்லாத ஊர் அது, இருந்தும் பெரியவர்களைக் காப்பாற்ற மூடினார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை.

எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படுகர் ஊரில், சாவு வீட்டுக்குள் கூட கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த சுற்றுலாக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் பாட்டிமாரைக் கேட்காமலே படம் எடுக்கிறார்கள். டீச்சர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: சுப்பாயில் ஆட்களையும் வீடுகளையும் படம் எடுக்காதீர்கள், அவர்களே அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். வெள்ளகவிக்குள் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறோம் இல்லையா, ஏன் என்று வாதாடுவதில்லையே. ஊருக்குள் நுழையும்போது குரலைத் தாழ்த்தி, பாதையை விட்டு விலகாமல், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே கடையும் சிற்றுண்டிக் கூடமும் இருக்கின்றன, ஒரு வேளையாவது அவர்களிடம் சாப்பிடுங்கள்.


வட்டக்கானல்_நடையன் எழுதியது:

ஹட்டி மகன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதோடு, முன்பதிவு அவர்களுடைய நிர்வாகத்திடம் நேரடியாகத்தான். தனியார் டூர் ஆட்கள் அனுமதி வாங்கித் தருகிறோம் என்று சொன்னால் யாரும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சுமை பற்றி ஒரு கேள்வி. அங்கே கோவேறு கழுதையில் பையை ஏற்றிவிடலாம் என்று கேள்விப்பட்டேன். அதைச் செய்யலாமா? சுமக்கிற விலங்குகளைச் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம்மால் தூக்க முடியாததை ஏன் கொண்டுபோக வேண்டும்?


பீனிக்ஸ்_குன்னூரான் எழுதியது:

தம்பி, அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் வெள்ளகவிக்கு அரிசியும் சிலிண்டரும் குதிரை மேல்தானே போகிறது? விலங்கை நம்பி வாழ்கிற ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். பை ஒன்றுக்கு 32 பவுண்டு, அதாவது பதினாலரை கிலோ. ஒரு கழுதைக்கு நாலு பை. அதற்கு மேல் ஏற்றுவதில்லை. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: மூன்று பேர் தங்கள் பையைத் தாங்களே தூக்கட்டும். அப்பா தண்ணீர், மாத்திரை, தொப்பி, ஒரு மேல்சட்டை மட்டும் வைத்த சின்னப் பையோடு நடக்கட்டும். அவருடைய ஸ்லீப்பிங் பேக்கும் துணியும் மற்றவர்கள் பையில் பிரிந்து போகும். கூடாரம் கனமாக இருந்தால் மட்டும் கழுதையை யோசியுங்கள்.

ஹெலிகாப்டரையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா நாளும் ஓடாது. முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும், ஊர்க்காரர்களுக்கே முதலிடம், அதுதான் நியாயமும். காற்று அடித்தால் பறக்காது. ஆகவே "முடியவில்லை என்றால் ஹெலிகாப்டர்" என்று மனசில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. நாலு பேரும் நடந்தே ஏற முடியும் என்ற தயாரிப்போடு இறங்க வேண்டும். நீங்கள் ஏறுகிற நாளில் அது ஓடுகிற நாளாகவும் இருந்து, இடமும் இருந்தால், அப்பா ஏறுவதைப் பற்றி அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.


அரவேனு_அம்மிணி எழுதியது:

சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன். அவல் எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். கனம் கிடையாது, கேஸ் செலவு கிடையாது, நனைத்தால் போதும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, கடலைமிட்டாய், பேரீச்சை. புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி வதக்கினால் நாலு நாள் என்ன, ஒரு மாதம் கெடாது. வீட்டில் தாளித்துப் பொடி எடுத்துப் போகலாம், ஆனால் பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் இறைச்சியும் அமெரிக்க விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள். எது எடுத்துப் போனாலும் உணவு இருக்கிறது என்று படிவத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த முகாமில் அணில் தொல்லை பெரிதாம், பையைக் கடித்து ஓட்டை போட்டு எடுத்துவிடுமாம். இங்கே குரங்குக்குப் பயந்து ஜன்னல் சாத்திப் பழகினவர்கள்தானே நாம். மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள், கூடாரத்துக்குள் தின்பண்டம் வேண்டாம்.


கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வது. அப்பாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 1975 வரை விடாமல் கேட்டார்கள் என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மாத்திரையைப் பார்த்தேன், செவிலி அக்கா சொன்ன வகைதான். வருகிற வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம்.

பயிற்சிக்கு எங்கே போவது? வட்டக்கானல் தம்பி, வெள்ளகவி பாதையில் உங்களோடு ஒருமுறை வந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது.


வட்டக்கானல்_நடையன் எழுதியது:

வாருங்கள் அக்கா, ஆனால் இப்போது வேண்டாம். பிப்ரவரியிலிருந்து காடு காய்ந்துவிட்டது, தீ பிடிக்கிற காலம். இந்த மாதங்களில் வனத்துறை நடைப்பாதைகளை மூடிவிடும், மூடுவதும் அவசியம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது நம் மலையில் யாருக்கும் மறக்காது. நடைப்பயணம் போனவர்கள் 23 பேர் காட்டுத்தீயில் போய்விட்டார்கள். அனுமதி இல்லாத காட்டுப் பாதை எதிலும் பயிற்சிக்காகப் போகாதீர்கள். திறந்தபிறகு முறைப்படி பதிவு செய்து வாருங்கள்.

உங்களுக்குக் காடே தேவையில்லை. தோட்டத்துப் படி இருக்கிறதே, அதைவிட நல்ல பயிற்சி இடம் கிடையாது. ஏற்றம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரும். இறக்கத்துக்குத்தான் தொடையைப் பழக்க வேண்டும், ஏனென்றால் சுமையோடு இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை உடம்பைத் தாங்கிப் பிடித்து நிறுத்துகிறது; மறுநாள் வலிப்பது அதனால்தான். முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு ஆரம்பித்து, ஏப்ரல் கடைசிக்குள் பயணத்தில் தூக்கப் போகிற முழு எடைக்கு வந்துவிடுங்கள். வாரம் ஒருநாள் நீண்ட நடை: கோத்தகிரியிலிருந்து அரவேனு வரை இறங்கி, மத்தியான வெயிலில் ஏறி வாருங்கள். குஞ்சப்பனை பக்கம் வேண்டாம், யானை. தோட்டத்திலும் விடியுமுன் தனியாகப் போகாதீர்கள், கரடி நடமாட்டம் உங்களுக்கே தெரியும்.

ஷூ விஷயத்தில் ஒன்று. இறங்கும்போது பாதம் முன்னால் தள்ளி, கட்டைவிரல் ஷூவின் நுனியில் இடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் நகம் கருத்திருக்கும், நாலாம் நாள் அந்த விரலோடுதான் ஏற வேண்டும். அரை அளவு பெரியதாக வாங்கி, கணுக்கால் பக்கத்து இரண்டு துளையிலும் கயிற்றை நன்றாக இறுக்கி, குதிகால் பின்னால் ஒட்டி நிற்கிற மாதிரி கட்ட வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள், இப்போதே வாங்கிப் போட்டு நடங்கள். அப்பாவுக்கு இரண்டு கையிலும் ஊன்றுகோல்.


கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். டிரெட்மில் பரிசோதனை செய்தார், நடக்கலாம் என்றார். மாத்திரையை வேறு வகைக்கு இப்போதே மாற்றி, ஏப்ரலில் மறுபடி அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். அதில் ஏற்ற இறக்கம் இருந்தால் அப்பா பீனிக்ஸில் தம்பி வீட்டில் இருப்பார் என்று பேசி முடித்துவிட்டோம், அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

திட்டம் இப்படி. முந்தின நாள் இரவு ரூட் 66 சாலையில் இருக்கிற பீச் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தங்கி, முதல் நாள் விடியற்காலை ஹில்டாப். அனுமதியை எந்த இடத்தில் போய் உறுதி செய்வது என்று முன்பதிவு மின்னஞ்சலில் இருப்பதைத் தம்பி பார்த்து வைத்துவிட்டான், அவன் பாஸ்போர்ட்டோடு நேரில் இருக்க வேண்டும். சூரியன் ஏறுமுன் இறக்கம், சுப்பாயில் சாப்பாடு, மத்தியானத்துக்குள் முகாம். இரண்டாம் நாள் எல்லோரும் ஹவாசு குளத்தில். மூன்றாம் நாள் வீட்டுக்காரரும் தம்பியும் மூனி வழியாக பீவர் அருவிக்குப் போவார்கள். நானும் அப்பாவும் மேலே ஊற்றுப் பக்கம். நான்காம் நாள் மூன்று மணிக்குக் கிளம்புகிறோம். கழுதை வேண்டாம், கூடாரத்தைத் தம்பியும் அவரும் பங்கு போட்டுத் தூக்குவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கையுறை இன்னும் வாங்கவில்லை. குன்னூரான் சார், தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது போடுகிற ரப்பர் கையுறை போதுமா, தனியாக வாங்க வேண்டுமா?


பீனிக்ஸ்_குன்னூரான் எழுதியது:

உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறை என்றால் அதுவே போதும். முழு ரப்பராக இருந்தால் உள்ளே தண்ணீர் நின்று கை வழுக்கும், அது வேண்டாம். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி நாலு பேருக்கும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். கேஸ் டப்பா வாங்கத் தம்பிக்கு நேரம் இல்லையென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.